பிபிசி பேசிக்: 20 ஆட்டம் முடிந்ததும் நிரல் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) பிபிசி மைக்ரோ மாடல் பி என்ற 1980-களின் வீட்டுக் கணினியை ஓட்டி, அதன் நிரல்மொழியான பிபிசி பேசிக் பழகுகிறேன். 1 முதல் 100 வரை ஏதோ ஓர் எண், அதை ஊகிக்கும் விளையாட்டு. 30-ஆம் வரி எண்ணைத் தேர்ந்தெடுக்கும், 40-இல் ரிப்பீட் (சுழலின் தொடக்கம்), 60-இல் ஊகம் சரி என்றால் கோட்டு 30 (GOTO, அதாவது 30-ஆம் வரிக்குத் தாவு), 80-இல் அன்டில் ஃபால்ஸ் (எப்போதும் ரிப்பீட்டுக்கே திரும்பு). 20 ஆட்டம் அருமையாக ஓடுகிறது. அடுத்ததைத் தொடங்கும்போதே 40-ஆம் வரியில் ‘டூ மெனி ரிப்பீட்ஸ்’ (ரிப்பீட் அளவுக்கு மீறிவிட்டது) என்ற பிழை. மறுபடி ரன் கொடுத்தால் இன்னொரு 20. நிரலில் இருப்பது ஒரே ஒரு ரிப்பீட்தானே? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

முதல் பதில்:
கோளாறு 60-ஆம் வரியில். ரிப்பீட் வரும்போதெல்லாம் எங்கே திரும்ப வேண்டும் என்பதை பேசிக் ஓர் அடுக்கில் குறித்து வைக்கும். அன்டில் நிபந்தனை உண்மையானால்தான் அந்தக் குறிப்பு நீங்கும். நீங்கள் கோட்டு போட்டு நடுவிலேயே வெளியே குதிப்பதால் ஆட்டத்துக்கு ஒரு குறிப்பு அங்கேயே தங்குகிறது. அடுக்கில் 20 இடம்தான். ஃபார் சுழலுக்கு அதைவிடக் குறைவு, 10.

60-ஐ நீக்கிவிட்டு, 80-இல் ‘அன்டில் ஊகம்=எண்’ என்று எழுதுங்கள். ஓர் ஆட்டத்தை முழுசாக ஒரு ப்ராக் (பெயர் சொல்லி அழைக்கும் துணை நிரல்) ஆக்கி, ‘இன்னொரு ஆட்டமா?’ என்று கேட்க வெளியே தனி ரிப்பீட் வையுங்கள். பிபிசி பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன் 16 கேபி ரோமுக்குள் (அழியாத நினைவகச் சில்லு) ப்ராக், லோக்கல் (ப்ராக்குக்குள் மட்டும் செல்லும் மாறிகள்) எல்லாம் அடக்கிக் கொடுத்திருக்கிறார். 1981-இல் வீட்டுக் கணினிக்கு அது பெரிய கொடை. கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
அப்படியே மாற்றினேன். ஆனால் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் ஓர் ஆட்டம் தானாகத் தொடங்குகிறது. அதை முடித்ததும் ‘நோ ப்ராக்’ என்று பிழை!

இரண்டாம் பதில்:
ப்ராக்கை வரையறுக்கும் டெஃப் ப்ராக் வரிக்கு முன்னால் எண்ட் (நிரலை முடிக்கும் கட்டளை) போட்டீர்களா? இல்லையென்றால் ஓட்டம் டெஃப் வரியைத் தாண்டி ப்ராக்கின் உடலுக்குள் நுழைந்துவிடும். ப்ராக்கின் கடைசியில் எண்ட்ப்ராக் வந்ததும், யாரும் அழைக்காத ப்ராக்கிலிருந்து எங்கே திரும்புவது? அதனால்தான் ‘நோ ப்ராக்’. இந்தியப் பள்ளிகளில் கணினி அறிமுகப்படுத்த 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோவில் நானும் இதே இடத்தில்தான் மாட்டினேன்.

கேட்டவர்:
110-இல் எண்ட் சேர்த்தேன். இப்போதுதான் 35-ஆவது ஆட்டம் முடிந்தது, ஒரு பிழையும் இல்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி!