மைன்கிராஃப்ட் பார்ட்டிக்கு சாக்லேட் பூசிய க்யூப் கேக்: மூலை மழுங்காமல் எப்படிச் செய்வது?

சேலத்து அம்மா:
பையனுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள், மைன்கிராஃப்ட் தீம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்த கேமில்தான் எல்லாமே சதுரக் கட்டையாச்சே, பெரிய கேக் வெட்டிப் பங்கு போடுவதற்குப் பதில் சின்னச் சின்ன க்யூப்களாகச் செய்து சாக்லேட்டில் முக்கி எடுத்து, புல் பிளாக், டிஎன்டி வெடிக்கட்டை, க்ரீப்பர் என்கிற பச்சை அரக்கனின் மூஞ்சி என்று அடுக்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இருபது இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள், சிலர் முட்டை சாப்பிட மாட்டார்கள். எந்த மாதிரி கேக் சரிவரும், சாக்லேட் எவ்வளவு வாங்குவது, வீட்டில் இருக்கிற ஜெல் கலரையே வெள்ளை சாக்லேட்டில் விடலாமா? மூலையெல்லாம் கூராக வர வேண்டும், உருண்டையாக வந்தால் பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். இங்கே வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பார்ட்டி நடக்கிற ஹாலில் ஏசி கிடையாது.

மாவும் வெண்ணெயும்:
முதல் வேலையாக அந்த ஜெல் கலரை எடுத்து உள்ளே வையுங்கள். சாதாரண ஜெல்லில் தண்ணீர் இருக்கும், உருகிய சாக்லேட்டில் அது பட்டால் திரிதிரியாக இறுகிக்கொள்ளும், அப்புறம் அது கோட்டிங்குக்கு உதவாது. எண்ணெயில் கரையும் சாக்லேட் கலர் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பவுடர் கலர். டபுள் பாய்லரில் (கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து) உருக்கினால் ஆவி உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தண்ணீர்தான்.

சாக்லேட் என்று எடுத்தால் காம்பவுண்டே (கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது) போதும். கூவர்ச்சர் (கொக்கோ வெண்ணெய் நிறைந்த அசல் சாக்லேட்) வாங்கினால் டெம்பர் செய்ய வேண்டும், அதாவது பளபளப்பாக இறுகும்படி சூட்டை ஏற்றி இறக்க வேண்டும்: டார்க்கை 45 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். பிள்ளைகள் பார்ட்டிக்கு அந்தப் பாடெல்லாம் தேவையா?

கேக்கில் பஞ்சு ஸ்பாஞ்ச் வேண்டாம், முக்கும்போதே உதிரும். கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்கிற முட்டையில்லாத கேக் கொஞ்சம் இறுக்கமாக வரும், வெட்ட நன்றாக இருக்கும், எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடலாம். 9 இன்ச் சதுர ட்ரேயில் ஓரத்தையெல்லாம் சீவிவிட்டால் 20 செ.மீ. சதுரம் நிற்கும், அதில் 4 செ.மீ. க்யூப் 25 வரும். உயரமும் 4 செ.மீ. வேண்டும், வரவில்லை என்றால் இரண்டு மெல்லிய கேக்கை நடுவில் கனாஷ் (சாக்லேட்டும் க்ரீமும் கலந்தது) தடவி ஒட்டுங்கள். அடிப்பக்கம் தவிர ஐந்து பக்கமும் 2 மி.மீ. கனத்தில் பூசினால் கேக்கில் ஒட்டுவதே ஏறத்தாழ அரை கிலோ, ஆனால் முக்குவதற்குக் கிண்ணத்தில் ஆழம் வேண்டுமே, அதனால் 25 க்யூப்புக்கு முக்கால் கிலோவாவது வாங்குங்கள். மிஞ்சினால் கெட்டுப்போகாது.

வெட்டுவதற்கு முன் கேக்கை ஃப்ரிட்ஜில் வையுங்கள், கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் வெட்டுங்கள். ஃப்ரீசரில் கல்லாக உறைய விட்டு முக்காதீர்கள், கேக் பழைய சூட்டுக்கு வந்து விரியும்போது மேலே கோட்டிங் வெடிக்கும்.

அச்சுப் பிரியை:
கூரான மூலை வேண்டும் என்றால் முக்கவே கூடாது என்பேன். முக்கி எடுத்தால் எப்படியும் மூலையில் சாக்லேட் வழிந்து மழுங்கும், அடியில் ஒரு பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். சதுரக் குழி சிலிகான் மோல்டு வாங்கி, உள்பக்கம் பிரஷ்ஷால் சாக்லேட் தடவி, ஃப்ரிட்ஜில் இறுகியதும் இன்னொரு கோட், குறிப்பாக மூலைகளில். உள்ளே உதிர்த்த கேக்கைக் கொஞ்சம் கனாஷோடு பிசைந்து அமுக்கி, மேலே சாக்லேட் ஊற்றி மூடிக் கவிழ்த்தால் பளபளவென்று கட்டை மாதிரியே வரும். வெட்டுகிற வேலையும் இல்லை, ஓரம் சீவிய கேக்கும் வீணாகாது.

மாவும் வெண்ணெயும்:
மூலை நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் பிசைந்த கேக் வேறு, கேக் துண்டு வேறு. கடித்தால் தெரியும். அப்புறம் ஒரு மோல்டில் எத்தனை குழி இருக்கும், அதை எத்தனை தடவை நிரப்புவது என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

மெல்பர்ன்வாசி:
ஏசி இல்லாத ஹால் என்றதும் சொல்லத் தோன்றியது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், காம்பவுண்டுகூட அந்த வெயிலில் கையில் பிசுபிசுக்கும். இங்கே லாமிங்டன் என்று ஒன்று எல்லா பேக்கரியிலும் கிடைக்கும்: சதுர ஸ்பாஞ்ச், கொக்கோ, ஐசிங் சுகர், பால், வெண்ணெய் கலந்த தண்ணியான ஐசிங்கில் முக்கி, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டுவார்கள். 1896 முதல் 1901 வரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரில் வழங்குகிறது. ஐசிங் கேக்கில் ஊறி, மேலே காய்ந்து நின்றுவிடும், வெயிலில் சாக்லேட் மாதிரி வழியாது. முதல் நாள் சுட்ட கேக் என்றால் உதிராமல் இன்னும் நன்றாக வரும்.

உங்கள் புல் பிளாக்குக்கு இது அப்படியே பொருந்தும். பக்கங்களைப் பழுப்பாகவே விட்டுவிட்டு, மேல்பக்கத்தில் மட்டும் பச்சைத் தேங்காய்த் துருவல். தேங்காய்க்கு ஜெல் கலர் தாராளமாகப் போடலாம், ஒரு கவரில் துருவலையும் இரண்டு சொட்டு கலரையும் போட்டுக் குலுக்கி, தட்டில் பரப்பி உலர்த்தினால் முடிந்தது. விளிம்பில் அங்கங்கே கொஞ்சம் கீழே வழிந்த மாதிரி ஒட்டிவிடுங்கள், கேமில் அப்படித்தான் இருக்கும்.

பிக்சல் மாமா:
க்ரீப்பர் மூஞ்சியைக் கண்ணளவில் போடாதீர்கள், பசங்க உடனே கண்டுபிடிப்பார்கள். அது 8க்கு 8 கட்டம். உங்கள் க்யூப் 4 செ.மீ. என்பதால் ஒரு கட்டம் சரியாக 5 மி.மீ. மெலிதாகத் தேய்த்த கறுப்பு ஃபாண்டன்ட்டில் (பிசைந்த மாவு மாதிரி இருக்கிற சர்க்கரை ஐசிங்) ஐந்து துண்டு வெட்டினால் போதும். கண்ணுக்கு 1 செ.மீ. சதுரம் இரண்டு: மேலிருந்து 1 செ.மீ. விட்டு, இரண்டு ஓரத்திலும் 5 மி.மீ. விட்டு ஒட்டுங்கள். கண்கள் முடிகிற மட்டத்தில், அவற்றுக்கு நடுவே 1 செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு தொடங்கும். அதன் இரண்டு பக்கமும் 5 மி.மீ. அகலத்தில் ஒன்றரை செ.மீ. பட்டை, ஆனால் 5 மி.மீ. கீழே தள்ளி. பட்டைகள் க்யூபின் அடிவிளிம்பைத் தொட வேண்டும், நடுத்துண்டு தொடாது.

டிஎன்டிக்கு வெள்ளை சாக்லேட்டில் சிவப்புக் கலந்தால் ரோஸ்தான் வரும், இன்னும் போட்டால் கசக்கும். சிவப்பு காம்பவுண்டாகவே வாங்கிவிடுங்கள்.

சேலத்து அம்மா:
எல்லோருக்கும் நன்றி. புல் பிளாக் முழுக்க லாமிங்டன் முறையில், க்ரீப்பரும் டிஎன்டியும் மட்டும் பத்துப் பத்து காம்பவுண்டில் என்று முடிவு செய்துவிட்டேன். காம்பவுண்டு க்யூபை முதல் நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

மாவும் வெண்ணெயும்:
வைக்கலாம், காற்றுப் புகாத டப்பாவில். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள், கோட்டிங் வேர்த்து ஃபாண்டன்ட் கறுப்பு இறங்கிவிடும். டப்பாவோடு அரை மணி, முக்கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும், சில்லிப்பு போனதும் திறங்கள். ஹாலுக்குப் போகும்போதும் மூடியபடியே போகட்டும், கேக் வெட்டுகிற நேரத்துக்கு மேஜையில் அடுக்கினால் போதும்.