இரண்டு நெறியாளர், ஒரே ஆய்வேடு: யார் சொல்வதைக் கேட்டு எழுதுவது?

நடுவரப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் தரவு சேகரிப்பு முடிந்துவிட்டது, எழுத வேண்டிய கட்டம், ஆனால் எழுத்து நகரவே மாட்டேன் என்கிறது. தலைப்பு ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் அசராமல் போவது பற்றியது. பாதி வேலை ஆய்வகத்தில். சிறுநீர்த் தொற்று மாதிரிகளிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பது. மீதிப் பாதி அந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுவது: எப்போது நிறுத்துகிறார்கள், மீதியை என்ன செய்கிறார்கள், யார் பேச்சைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று.

அதனால் நெறியாளர்களும் இருவர். ஒருவர் நுண்ணுயிரியல், இன்னொருவர் சமூகவியல். இருவருமே அக்கறையானவர்கள், அனுப்பிய ஒரு வாரத்தில் படித்துக் குறிப்பு எழுதித் தருவார்கள், ஆனால் ஒருவர் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்ன பக்கத்தை இன்னொருவர் முழுக்க அடித்துவிடுகிறார். "முப்பது பேரிடம் பேசிவிட்டு இவ்வளவு பெரிய முடிவு சொல்கிறாயே, முப்பது என்ன கணக்கு?" என்பது நுண்ணுயிரியல் சார். "அட்டவணை போட்டால் வாதம் ஆகிவிடுமா? அந்த வீட்டுக்குள் நீ யாராகப் போனாய் என்று ஒரு வரிகூட இல்லையே" என்பது சமூகவியல் மேடம். சாருக்கு மூன்று கட்டுரைகள் இதழ்களில் வந்து, முன்னும் பின்னும் ஓர் இயல் சேர்த்தால் ஆய்வேடு தயார். மேடத்துக்கு ஆய்வேடு என்றால் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே வாதமாக ஓட வேண்டும். கட்டுரைகளில் யார் பெயர் முதலில் என்ற பேச்சும் ஒரு தடவை வந்து, முடிவு ஆகாமலே நின்றுவிட்டது.

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். ஒரு வீட்டில் அந்த அம்மா மாத்திரை அட்டையில் மீதியிருந்ததைக் கத்தரித்து, தாளில் மடித்து, மேலே தேதியும் மகன் பெயரும் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அலைய வேண்டியதில்லை என்றார். மேடம் இதை வைத்தே ஓர் இயல் எழுதலாம் என்கிறார். சார் இதை அட்டவணையில் "அறியாமை" என்ற கட்டத்தில் ஒன்று கூட்டிக்கொள் என்கிறார். இரண்டும் எனக்கு நியாயமாகப் படுவதுதான் சிக்கல். நடுவழி ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதுதான் நல்லதா?

---

தட்டும்_குடுவையும் எழுதியது:

நான் உங்கள் சார் பக்கத்து ஆள், பல வருடம் கிருமி வளர்க்கும் தட்டுகளைப் பார்த்து முடிவு படித்தவன், அதனால் அவர் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது என்ன கணக்கு என்பது தவறான கேள்வி இல்லை. ஆனால் அவர் மனதில் இருப்பது எத்தனை சதவீதம் பேர் என்ற கணக்கு. அதற்கு முப்பது போதாது, நீங்களும் சதவீதம் சொல்லக் கூடாது. நேர்காணல் கண்டறிவது என்னென்ன விதமான காரணங்கள் இருக்கின்றன என்பதை. புதிய ஆளிடம் பேசியும் புதிய காரணம் எதுவும் வரவில்லை என்றால் போதும் என்று நிறுத்துவது வழக்கம். 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் கானாவிலும் நைஜீரியாவிலும் செய்த 60 நேர்காணல்களை எடுத்து வரிசையாகப் பார்த்தார்கள். முதல் 12இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஓரளவு ஒரே மாதிரியான மக்கள் என்பதால் அது பொருந்தியது, எல்லா ஆய்வுக்கும் 12 போதும் என்று அர்த்தமில்லை. இதைப் படித்துக் காட்டினால் சார் குறைந்தபட்சம் விவாதத்துக்கு வருவார்.

அடுத்தது, ஆய்வகத்தில் வருவது சுத்தமான எண், வீட்டில் வருவது வெறும் பேச்சு என்ற நினைப்பு உங்களுக்கே கொஞ்சம் இருப்பதுபோல் தெரிகிறது. அதை விட்டுவிடுங்கள். தட்டில் மருந்து வில்லையை வைத்து 35 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, காலையில் எடுத்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறோம். அளப்பது வரைதான் அளவீடு. அந்த மில்லிமீட்டர் "மருந்து கேட்கும்" பக்கமா "கேட்காது" பக்கமா என்பதை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்து அட்டவணையாக வெளியிடுகிறது, வருடா வருடம் திருத்தவும் செய்கிறது. ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட், ஆய்வக முடிவுச் சீட்டில் எழுதும் "ஐ" (I) என்ற ஆங்கில எழுத்தின் பொருளையே 2019இல் மாற்றியது. அதுவரை அது "இடைநிலை", அதன்பின் "அதிக அளவு மருந்து உடலில் சேர்ந்தால் கேட்கும்". அதே தட்டு, அதே வட்டம், ஆனால் மருத்துவர் அந்தச் சீட்டைப் படித்துச் செய்யப்போவது வேறு. எந்த ஆண்டு அட்டவணையை வைத்துப் படித்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். சமூகவியல் மேடத்துக்கு உங்கள் ஆய்வகப் பகுதி பிடிபடுவதற்கும் இதுவே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

பெயர் வரிசையை இந்த மாதமே பேசி முடியுங்கள், மின்னஞ்சலில் எழுத்தாக. உயிரியலில் வேலை செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசை. வேறு துறைக்காரர் ஒருவர் உங்கள் கட்டுரையைப் பார்த்தால் வரிசையைத் தவறாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்காகத்தான் கிரெடிட் என்று 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்து எழுதும் முறை வந்தது. இப்போது நிறைய இதழ்கள் அதைக் கேட்கின்றன. கட்டுரை தயாராகும் முன்பே அதை நிரப்பி இருவருக்கும் அனுப்பிவிடுங்கள், கேள்வி வந்தால் அப்போதே வரட்டும்.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

மேலே சொன்ன பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. புதிதாக ஒன்றும் வரவில்லை, நிறுத்திவிட்டேன் என்ற வாதத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. தரவை வாசிக்கும் ஆளின் பார்வையில்தான் கருப்பொருள்கள் உருவாகின்றன, அவை ஏற்கெனவே உள்ளே கிடந்து நாம் பொறுக்கி எடுப்பவை அல்ல என்பது பிரான், கிளார்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் தொடர்ந்து எழுதிவரும் கருத்து. அப்படிப் பார்த்தால் "தீர்ந்துவிட்டது" என்ற சொல்லே பொருந்தாது. உங்கள் மேடம் அந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர் என்றால் 12 என்ற எண்ணைக் கொண்டுபோய் அவர் முன் வைக்காதீர்கள், முதலில் அவர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நான் எழுத வந்தது அந்த "அறியாமை" கட்டத்தைப் பற்றி. அந்தத் தலைப்பை யார் வைத்தது? அட்டவணை போடும்போதே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனித்தீர்களா? கொடுத்த மாத்திரை அத்தனையும் முடிக்க வேண்டும், முடிக்காதவர் கிருமியைப் பழக்குகிறார், ஆகவே அவருக்குத் தெரியவில்லை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தொற்றுநோய் நிபுணர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை கேள்வி கேட்டது. முன்னதாக நிறுத்தினால் எதிர்ப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் போதாது, மாறாகத் தேவைக்கு மேல் நீண்ட நாள் சாப்பிடுவதால் உடம்பில் சும்மா இருக்கும் மற்றக் கிருமிகள் மருந்துக்குப் பழகுகின்றன என்பது அதன் வாதம். குறைந்த அளவு சாப்பிட்டால் கிருமி பழகும் என்ற எச்சரிக்கையை ஃபிளெமிங் 1945 நோபல் உரையிலேயே சொல்லியிருந்தார், அந்தப் பழைய பயத்திலிருந்து வளர்ந்த அறிவுரை இது என்றும் அவர்கள் எழுதினார்கள். எல்லா நோய்க்கும் அது பொருந்தாது, காசநோய்க்கு மருத்துவர் சொன்ன அத்தனை நாளும் சாப்பிட்டே ஆக வேண்டும். மருத்துவர்களுக்குள்ளேயே அந்தக் கட்டுரைக்கு மறுப்பும் வந்தது. இதைப் படிக்கும் யாரும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் ஆய்வாளருக்கு இதன் பொருள் என்ன? நிபுணர்களுக்குள்ளேயே பேச்சு முடியாத ஒரு விஷயத்தில், வீட்டில் இருக்கும் ஒருவரை "தெரியாதவர்" என்று கட்டத்தில் அடைக்க நமக்கு ஆதாரம் கிடையாது. அந்த அம்மா தேதி எழுதி, யாருக்கு என்று பெயர் எழுதி, காற்றுப் படாமல் மடித்து வைத்திருக்கிறார். அவர் செய்தது ஆபத்தாக இருக்கலாம், காய்ச்சல் அடுத்த முறை வைரஸாக இருந்தால் அந்த மாத்திரை ஒன்றுக்கும் உதவாது. ஆனால் அது யோசித்துச் செய்த காரியம். அவர் கணக்குப் போட்டிருக்கிறார், என்ன கணக்கு என்பதுதான் உங்கள் ஆய்வு. மேடம் ஓர் இயல் என்று சொன்னதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நீ யாராகப் போனாய் என்ற கேள்வியும் அலங்காரத்துக்கு இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்த ஆள் என்று நினைத்தால் "எல்லாம் முடித்துவிட்டேன்" என்றுதான் யாரும் சொல்வார்கள். எந்த வீட்டில் எப்படி அறிமுகமானீர்கள், அதற்கேற்பப் பதில் மாறியதா என்று உங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். மாறியிருந்தால் அந்தப் பதில்களை அருகருகே வைத்துக் காட்டுங்கள். அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை இது என்று சொன்னால் உங்கள் சாருக்கு உடனே புரியும்.

---

பழந்தாள் எழுதியது:

வரலாற்று ஆய்வு செய்பவன், உங்கள் இரண்டு துறைக்கும் வெளியாள். கட்டுரைக் கோவையா ஒரே நூலா என்பதை நெறியாளர்கள் முடிவு செய்ய முடியாது, பல்கலைக்கழக விதிப்புத்தகம் முடிவு செய்யும். வெளியான கட்டுரைகளை ஆய்வேடாக ஏற்கும் இடமும் உண்டு, ஏற்காத இடமும் உண்டு. ஏற்றாலும் எத்தனை, எதில் நீங்கள் முதல் ஆசிரியர் என்பதற்கெல்லாம் நிபந்தனை இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் தேர்வாளர்களாக யார் வரப்போகிறார்கள் என்று கேளுங்கள். இருவருமே நுண்ணுயிரியலாளர் என்றால் நேர்காணல் இயல்களை வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விகூட இல்லாமல் தாண்டிப் போய்விடுவார்கள், இல்லை அதிலேயே குத்துவார்கள். ஒருவராவது இரண்டு பக்கமும் கால் வைத்தவராக இருக்க வேண்டும் என்று இப்போதே இருவரிடமும் கேளுங்கள். இதை வெட்கப்படாமல் கேட்கலாம், பெரும்பாலான நெறியாளர்கள் பெயர் பரிந்துரைக்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. சிசிலியா பெய்ன் 1925இல் எழுதிய ஆய்வேட்டில், விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று அவர் கணக்கு காட்டியது. பூமியில் இருக்கும் அதே கலவைதான் விண்மீனிலும் என்று எல்லோரும் நம்பிய காலம். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் இது நடக்காத காரியம் என்று எழுதியதால், அந்த முடிவு அநேகமாக உண்மையல்ல என்று ஆய்வேட்டிலேயே ஒரு வரி சேர்த்தார் பெய்ன். 1929இல் ரஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். கணக்கு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. எனக்கு அந்த ஆய்வேட்டை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. மேலே இருப்பவரை மதிப்பது வேறு, தரவு சொல்வதைத் திரும்பப் பெறுவது வேறு. "அறியாமை" என்ற கட்டத்தை உங்கள் நேர்காணல்கள் தாங்கவில்லை என்றால், சார் கேட்டார் என்பதற்காக அதை வைக்காதீர்கள். அவர் ஆட்சேபத்தை முழுமையாக எழுதி, ஏன் ஏற்கவில்லை என்று அதன் கீழேயே சொல்லுங்கள்.

---

நடுவரப்பு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. விதிப்புத்தகத்தைப் பார்த்தேன், கட்டுரைகளை இயல்களாகச் சேர்க்கலாம், ஆனால் தொடர்ச்சியான வாதம் வேண்டும் என்று இருக்கிறது. அப்படியென்றால் இருவர் கேட்டதும் ஓரளவு ஒத்துப்போகிறது. குறிப்பேட்டையும் புரட்டினேன், ஆஸ்பத்திரி வழியாகப் போன வீடுகளில் "முடித்துவிட்டேன்" என்ற பதில் உண்மையாகவே அதிகம், இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. "அறியாமை" கட்டத்தை எடுத்துவிட்டு, அது ஏன் நிற்கவில்லை என்பதையே மைய வாதமாக வைக்கலாம் என்று இருக்கிறேன். எந்த இயலை முதலில் எழுதட்டும்? ஆய்வக முடிவு தயாராக இருக்கிறது, அதையே முடித்துவிடலாமா?

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

வேண்டாம். ஆய்வக இயலை முதலில் எழுதினால் மீதி எல்லாம் அதற்கு விளக்கவுரையாகப் போய்விடும், இதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். இரண்டும் சந்திக்கும் இயலை முதலில் எழுதுங்கள். எந்த மருந்தைப் பாதியில் நிறுத்தி எடுத்து வைக்கிறார்கள், எந்த மருந்தை முழுக்கச் சாப்பிடுகிறார்கள் என்று நேர்காணலில் இருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி சாகவில்லை என்று தட்டில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு பத்தியாக வைத்துப் பாருங்கள். பொருந்தினாலும் செய்தி, பொருந்தாவிட்டால் அதைவிடப் பெரிய செய்தி. வரைவை இருவருக்கும் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசுங்கள், அடித்தால் ஒருவர் முன்னால் ஒருவர் அடிக்கட்டும்.

---

தட்டும்_குடுவையும் எழுதியது:

அப்படி வைப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி கொடுத்தவரும் நேர்காணல் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருந்தால், அவரது ஆய்வக முடிவை அவர் பேச்சோடு இணைக்க ஒப்புதல் படிவத்தில் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு படிவம், பேச்சுக்கு ஒரு படிவம் என்று வாங்கியிருந்தால் அந்த அனுமதி உங்களிடம் இல்லை. இல்லையென்றால் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பி, அவர்களிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஆளுக்கு ஆள் இணைக்காமல் மருந்துக்கு மருந்து மட்டும் ஒப்பிடுங்கள், வாதம் அதிலும் நிற்கும்.