பழைய ஐ20 காருக்கு ஒரே ஒரு சாவிதான் கைக்கு வந்தது: இரண்டாவது சாவியை எப்படிச் செய்துகொள்வது?

திருச்சிவாசி:

வணக்கம். சென்ற மாதம் கோயம்புத்தூரில் ஒரு தரகர் வழியாக, 2013ஆம் ஆண்டு மாடல் ஹூண்டாய் ஐ20 பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. வண்டியும் நன்றாகவே ஓடுகிறது. ஒரே குறை, சாவி ஒன்றுதான் கொடுத்தார்கள். மற்றொன்று எங்கே என்று கேட்டதற்கு, முதல் உரிமையாளர் வீடு மாறியபோது தொலைத்துவிட்டதாகத் தரகர் சொன்னார். விலை பேசிக்கொண்டிருந்த மும்முரத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் சாதாரண டூப்ளிகேட் சாவி வெட்டி வாங்கினேன். கதவு திறக்கிறது, இக்னிஷனில் தடையில்லாமல் திரும்புகிறது, ஸ்டார்ட்டரும் சுழல்கிறது. ஆனால் எஞ்சின் பிடிக்கவே இல்லை. சிப் வைத்த சாவிதான் வேண்டும் என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையில் பாதிக்கும் குறைவாக, அரை மணி நேரத்தில், வண்டியில் எந்தக் கருவியையும் இணைக்காமலேயே செய்து தருவதாக வேறொரு கடைக்காரர் சொல்கிறார். இரண்டு இடத்திலும் செய்வது ஒரே வேலைதானா, அல்லது வேறுபாடு உண்டா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஐ20காரன்:

உங்கள் சாதாரண சாவியில் எஞ்சின் பிடிக்காமல் போனது ஒரு வகையில் நல்ல செய்திதான். வண்டியின் இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் அமைப்பு) ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட எளிய சோதனை கிடையாது. பழைய வண்டிகள் சிலவற்றில், யாரோ ஒரு சிப்பை ஸ்டியரிங் உறைக்குள் டேப் சுற்றி ஒளித்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியை எந்தத் தகரச் சாவியும் கிளப்பிவிடும்.

சாவியின் தலைப் பகுதிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், சாவியைத் திருப்பியவுடன் அந்தச் சிப்புக்கு மின்காந்த அலை வழியாக ஆற்றல் கொடுக்கிறது. சிப் தன் அடையாளத்தைத் திருப்பிச் சொல்கிறது. அது ஏற்கெனவே பதிவான அடையாளமாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோலும் தீப்பொறியும் போகும். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி கிளம்புவது இதனால்தான். பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, வண்டி கிளம்பாதபோதெல்லாம் ரிமோட் பேட்டரியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பூட்டுக்காரர்:

நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கார் பூட்டு, சாவி வேலைதான் செய்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கருவியை இணைக்காமல் செய்து தருவதாக உங்களிடம் சொன்னவர், உங்கள் கையில் இருக்கும் சாவியின் சிப்பைப் படித்து, அதே அடையாளத்தை ஒரு வெற்றுச் சிப்பில் எழுதித் தருவார். இதை நாங்கள் குளோன் சாவி என்போம். மோசடி ஒன்றும் இல்லை. வண்டி நன்றாகவே கிளம்பும். ஆனால் வண்டியின் கணினியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாவிதான். அதன் பதிவேட்டில் எதுவும் மாறாது. அதாவது, "வீடு மாறியபோது தொலைந்த" அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் அது இன்றும் உயிரோடுதான் இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் செய்வது வேறு. டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள 16 ஊசி இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தி, சேசிஸ் எண்ணை வைத்துப் பெற்ற ஆறு இலக்க ரகசியப் பின் (PIN) எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சாவியாகத் திருப்பிக் கணினிக்குக் கற்பிப்பார்கள். உங்கள் மாடல் வண்டியில் நான்கு சாவிகள் வரை பதியலாம். இதில் கவனிக்க வேண்டியது, புதிதாகக் கற்பிக்கத் தொடங்கும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும். அன்றைக்கு நேரில் கொண்டுவந்த சாவிகள் மட்டுமே மீண்டும் பதிவாகும். ஆகவே கையில் உள்ள பழைய சாவியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தொலைந்த சாவி தானாகவே செல்லாக்காசாகிவிடும். உங்களைப் போல் பழைய வண்டி வாங்கியவருக்கு, புதுச் சாவி கிடைப்பதைவிட இதுதான் பெரிய ஆதாயம்.

பின் எண்ணை ஊகித்துப் போடும் ஆட்களிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். மூன்று முறை தவறாகக் கொடுத்தால் கணினி ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். வண்டியின் பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பதிவின் நடுவே மின்சாரம் தளர்ந்தால் பாதி வேலையில் நின்று எல்லோருக்கும் தலைவலி.

ரிமோட்டும் வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பதிய வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அமெரிக்க வண்டிக்கான ரிமோட்டை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 315 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. நம் ஊர் வண்டிகள் கேட்பது 433 மெகாஹெர்ட்ஸ். எத்தனை முறை அழுத்தினாலும் கதவு அசையாது.

தரகரை மறுபடி ஒருமுறை கேளுங்கள்: புது வண்டியுடன் சாவி எண் பொறித்த சிறு வில்லை ஒன்றைத் தருவார்கள். அந்த எண் இருந்தால், பழைய சாவி தேய்ந்திருந்தாலும் அதைப் பார்த்து வெட்டாமல் அசல் அளவிலேயே புதிய சாவி வெட்டலாம். அந்த எண்ணையும் சேசிஸ் எண்ணையும் இங்கே மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சிக்கனவாதி:

பூட்டுக்காரர் ஐயா சொல்வது சரியே என்றாலும், பதினோரு வயதைத் தாண்டிய வண்டிக்கு இத்தனை செலவு தேவையா என்று யோசிக்க வேண்டாமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக இருக்கிறது. நான் குளோன் சாவியை வைத்து நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். ஒரு தொந்தரவும் இல்லை.

பூட்டுக்காரர்:

உங்கள் வண்டியை நீங்களே புதிதாக வாங்கி, அசல் சாவிகள் இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருந்தால் குளோன் தாராளமாகப் போதும். நானே அதைத்தான் செய்யச் சொல்வேன். கேள்வி கேட்டவரின் நிலை அதுவல்ல. மேலும், சுமைகூலி உண்மையில் ஏறுவது கையில் இருக்கும் இந்த ஒரு சாவியும் தொலையும் அன்றைக்குத்தான்: வண்டியைத் தூக்கிச் செல்ல ஆள் வைக்க வேண்டும், பூட்டைக் கழற்ற வேண்டும், சில மாடல்களில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவை அழித்தாலும் பழைய சாவியின் இரும்பு மாறப்போவதில்லை. அது கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. அதையும் தடுக்க வேண்டுமானால் லாக் செட்டையே மாற்ற வேண்டும். காருக்குள் விலையுயர்ந்த பொருள் எதையும் வைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து.

காப்பீட்டுத் துறைக்காரர்:

சாவி விஷயத்தில் பலரும் எண்ணிப்பார்க்காத ஒரு பக்கம் உண்டு. வண்டி திருட்டுப் போனால், முதல் தகவல் அறிக்கை, ஆர்.சி., வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்று ஆகியவற்றோடு எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கும்படி காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஒரு சாவி குறைந்தால், அது எங்கே போயிற்று என்ற கேள்வியிலேயே கோரிக்கை மாதக்கணக்கில் இழுபடும். அப்போது "வாங்கும்போதே ஒன்றுதான் கொடுத்தார்கள்" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பு குறைவு.

ஆகவே, சாவி ஒன்று மட்டுமே கைமாறியது என்பதை விற்றவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. முதல் உரிமையாளர் தொலைத்தபோது காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தால் அதன் நகல் இன்னும் நல்லது. புதிய சாவி செய்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று: ஆர்.சி. பெயர் மாறியதாக எழுதியிருக்கிறீர்கள், காப்பீட்டைப் பற்றி எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவின்படி, வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகத் தொடரும். திருட்டுக்கான பாதுகாப்பு அப்படித் தொடரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

திருச்சிவாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காப்பீட்டை மாற்றாமல்தான் இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மறுநாளே விண்ணப்பித்துவிட்டேன். சாவி எண் வில்லை தரகரிடம் இல்லை. முதல் உரிமையாளர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசி, சாவி தொலைந்ததைச் செய்தியாகவும் அனுப்பிவைத்தார்.

நேற்று சர்வீஸ் சென்டரில் ஆர்.சி., ஆதார் நகல்களைக் கொடுத்துப் புதிய சாவியைப் பதிந்தாயிற்று. சாவி வரவழைக்க ஐந்து நாட்கள் ஆயின. பதிவு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலையைத் தொடங்கும் முன் ஸ்கேனர் திரையில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்று பார்க்கச் சொன்னேன். இரண்டு இருக்கும் என்று நினைத்தேன். மூன்று என்று காட்டியது. மூன்றாவது சாவியைப் பற்றி முதல் உரிமையாளருக்கும் தெரியவில்லை. யார் எப்போது செய்துவைத்தார்களோ! வேலை முடிந்ததும் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனம் அமைதியானது.

ஒரு சிறு சந்தேகம் மிச்சமிருக்கிறது. முதலில் வெட்டிய அந்தச் சாதாரண சாவியைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பூட்டுக்காரர்:

எறிய வேண்டாம். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடும் நாள் எல்லோருக்கும் ஒருமுறை வரும். அந்தத் தகரச் சாவியைப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்க அது போதும்.