மாதானம் மேட்டின் உச்சி எல்லையாகுமா?

அடிப்பாறை: எண்ணெய், எரிவாயு வளம் மதிப்பிடக் காவிரிப் படுகையைக் கூறுபோடும்போது, அரியலூர்–புதுச்சேரிப் பள்ளத்துக்கும் தரங்கம்பாடிப் பள்ளத்துக்கும் நடுவே நிலத்தடியில் புதைந்திருக்கும் கும்பகோணம்–மாதானம்–பரங்கிப்பேட்டை மேட்டின் உச்சிக்கோட்டையே எல்லையாக வைக்கலாம் என்பது என் கட்சி. டெல்டாவில் வயலில் நின்றால் எல்லாம் தட்டை, மேலே ஆற்று வண்டல். அரியலூர்ப் பக்கம் போல வெளியே தெரியும் பாறை கிடையாது. ஆனால் புவியீர்ப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஈர்ப்பு வரைபடத்தில் இந்த மேடு பளிச்சென்று தெரிகிறது. காரணம், மேட்டின் அடிப்பாறையான (வண்டலுக்கு அடியிலுள்ள பழைய கெட்டிப் பாறை) நைஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், வண்டல் பாறை 2.2 முதல் 2.5. யார் வரைந்தாலும் அதே இடத்தில்தான் கோடு விழும்.

வாய்க்கால்வரப்பு: சார், மேடு பிரிப்பது தண்ணீரை. எண்ணெய் மேல்நோக்கி ஏறும் பொருள், அதற்கு மேடுதான் சேருமிடம், பிரியுமிடம் பள்ளத்தின் அடி. எண்ணெய் பிறக்கும் பாறைகளான ஆண்டிமடம் அடுக்கு, சாத்தப்பாடிக் களிப்பாறை இரண்டிலும் உருவானது இரு பக்கமிருந்தும் மேட்டுக்கு ஏறுகிறது. மாதானத்தில் எண்ணெய் இருப்பதே வெடிப்பு விழுந்த அடிப்பாறைக்குள்தான். கடலில் பிஒய்-1 வயலின் எரிவாயுவும் அப்படியே. உச்சியில் கோடு போட்டால் ஒரே தேக்கம் இரண்டு கூறுகளில் விழும். ஒன்று இருமுறை எண்ணுவோம், இல்லை இரண்டு பேரும் விட்டுவிடுவோம்.

அடிப்பாறை: அதற்காகப் பள்ளத்து அடியில் கோடு போடுவதா? அந்த ஆழத்தில் அடிப்பாறையின் சீஸ்மிக் (நிலத்துக்குள் அனுப்பும் அதிர்வலை) எதிரொலியே மங்கல்.

வாய்க்கால்வரப்பு: வேண்டாம். மேட்டைத் தனிக் கூறாக்குங்கள். இருபுறமும் பிளவுப்பெயர்ச்சியின் (பாறை பிளந்து ஒரு பக்கம் இறங்கிய இடம்) அடிவாரத்தில் எல்லை வையுங்கள்.

அடிப்பாறை: பிளவு இல்லாத சரிவில்? இரண்டு சீஸ்மிக் கோடுகள் வெட்டும் இடத்தில் 20 மில்லிசெகண்ட் ஒத்துவராமல் போனாலே, விநாடிக்கு 4000 மீட்டர் வேகத்தில் (அது அலை போய்த் திரும்பும் நேரம், பாதிதான் ஆழத்துக்கு) ஆழம் 40 மீட்டர் பிசகும். 5 டிகிரி சரிவில் அது கிடைமட்டத்தில் 450 மீட்டருக்கு மேல்.

வாய்க்கால்வரப்பு: சரிவுப் பக்கத்தில் உங்கள் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். முதலில் வெட்டுமிடங்களைச் சரிக்கட்டுங்கள், பிறகு கிணற்றில் அளந்த வேகத்தை வைத்து ஆழமாக மாற்றுங்கள். கோட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் 'சீஸ்மிக்கில் கண்டது', 'ஈர்ப்பால் ஊகித்தது', 'இரண்டும் இல்லாதது' என்று அட்டவணையில் தனிப் பத்தியில் குறியுங்கள். செங்குத்தான பிளவில் அதே பிசகு கோட்டைச் சில மீட்டர்தான் நகர்த்தும். அங்கே கோடு நம்பத்தக்கது.

நிலவரை: இடையில் ஒன்று. பழைய டோப்போஷீட்டிலிருந்து (நில அளவை வரைபடம்) நகலெடுத்த கோடுகள் எவரெஸ்ட் என்ற பழைய இந்திய ஆயத்தொலை அளவையில் இருக்கும். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84க்கு மாற்றாமல் போட்டால் இங்கே நூறு மீட்டருக்கு மேல் கோடு நகரும். பக்கத்துப் பக்கத்துக் கூறுகளுக்கு எல்லையை ஒரே கோடாக வரையுங்கள். தனித்தனியாக வரைந்தால் நடுவில் மெல்லிய கீற்று இடைவெளி விழும், பரப்பளவு கூட்டும்போது கணக்கு உதைக்கும். அடுத்து, 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தை (புதிய எண்ணெய், எரிவாயு வேலைக்குத் தடையுள்ள டெல்டாப் பகுதி) வரைபடத்தில் தனி அடுக்காகப் போடுங்கள், பாறை எல்லையை அதற்கேற்ப வெட்டாதீர்கள். பிப்ரவரியில் சட்டம் வந்தபோது மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள் இருந்தது. டிசம்பரில் தனி மாவட்டமானது. அன்றைய சட்ட வாசகத்தில் உள்ள மாவட்டப் பெயர்களை இன்றைய மாவட்ட வரைபடத்தோடு பொருத்தினால், தரங்கம்பாடியே மண்டலத்துக்கு வெளியே போய்விடும்.