மேசைக்கு எப்படிப் பெண்பால்? 'சொற்பால்' என்ற சொல் குறித்து

அண்ணா, வணக்கம்.

பிரெஞ்சு இலக்கணத்துக்கும் 'பால்' என்ற சொல்லே போதும், 'சொற்பால்' என்ற புதுச்சொல் எதற்கு என்று நேற்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் போதவில்லை. வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ் வீடு, மீதி மலையாளம், இரண்டு பேர் வீட்டில் தெலுங்கு. "மேசை பெண்பால்" என்று பலகையில் எழுதியதும் ஒரு தமிழ்ப் பிள்ளை எழுந்து, "மேசை அஃறிணைதானே சார், அதுக்கு எப்படிப் பெண்பால்?" என்கிறது. நியாயமான கேள்வி. நமக்குப் பால் பொருளைப் பார்த்து வருவது. ஆளா பொருளா, ஆணா பெண்ணா என்று தெரிந்தால் வினைமுற்று தானாக வந்து உட்கார்ந்துவிடும். மலையாளத்தில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே 'வந்நு'தான். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் மேசைக்கும் ஒரே விகுதி, 'ஆமெ வச்சிந்தி, அதி வச்சிந்தி'. இப்படி மூன்று வீட்டுப் பிள்ளைகள் மூன்று விதமாக வந்தாலும், மேசையில் பெண்தன்மை எங்கே என்று தேடுவதில் எல்லோரும் ஒன்றுதான். தேடினால் கிடைக்காது. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால், முன்னால் ஆண்பாலுக்கு 'லெ', பெண்பாலுக்கு 'லா' வரும். தாடியும் மீசையும் பெண்பால், லா பார்ப், லா முஸ்தாஷ். காவலுக்கு நிற்கிற ஆளுக்கு மீசையே இருந்தாலும் அவர் 'லா சாந்தினெல்'.

பள்ளியில் இந்தி படித்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் கிதாப் பெண்பால் என்ற பழக்கத்தில் புத்தகத்தை 'லா லீவ்ர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'லா' போட்டால் அது அரைக் கிலோ எடை. புத்தகம் 'லெ லீவ்ர்'.

இதைவிடப் பெரிய குழப்பம் 'சோன்', 'சா'. இரண்டுக்கும் 'அவனுடைய' என்றும் பொருள், 'அவளுடைய' என்றும் பொருள்; ஆண்பாற் சொல்லுக்கு முன் சோன், பெண்பாற் சொல்லுக்கு முன் சா. "ரவியின் அம்மா" என்பதை ஒரு பெண் 'சோன் மேர்' என்று எழுதினாள். ரவி ஆண், அதனால் சோனாம். அவன் அம்மா, அவள் அம்மா என்று பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். பிரெஞ்சு பார்ப்பது ரவியை அல்ல, 'மேர்' என்ற சொல்லை. ரவிக்கும் 'சா மேர்', ராதாவுக்கும் 'சா மேர்'. இதை விளக்கி முடித்த மறுநாள் அதே பெண் "என் தோழி" என்பதற்கு 'மா அமி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். விதிப்படி சரியாகத்தான் யோசித்திருக்கிறாள், பாவம். உயிரெழுத்து முன்னால் 'மா' நிற்காது, 'மோன் அமி' ஆகிவிடும் என்பதை அப்புறம் சொன்னேன்.

அதனால்தான் 'சொற்பால்' என்கிறேன். பால் சொல்லுக்கு, பொருளுக்கு அல்ல. 'இலக்கணப் பால்' என்றால் நம்முடையதும் இலக்கணப் பால்தான். 'இலிங்கம்' மலையாளம், தெலுங்குப் பிள்ளைகளுக்கு உடனே புரியும், தமிழில் அந்தச் சொல் வேறு எங்கோ கொண்டுபோய்விடும். நம்முடையதைப் 'பொருட்பால்' என்று பிரித்துச் சொல்ல ஆசைதான், அது குறளுக்குப் போய்விட்டது. நம்முடையது வெறும் 'பால்' என்றே இருக்கட்டும். மேசை இனி 'பெண்சொல்', புத்தகம் 'ஆண்சொல்'. சரிதானா?

—

தம்பிக்கு,

சொற்பால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். பால் என்றாலே பகுப்புதானே, பிரெஞ்சுக்காரர்கள் பாலுக்குச் சொல்லும் 'ழான்ர்' என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் 'வகை'தான். ஆனால் 'பெண்சொல்' வேண்டாம். பெண் பேசிய சொல் என்றுதான் எங்கள் செங்கோட்டையில் படிப்பார்கள். அதோடு மறுபடியும் பெண்ணைத் தேடத்தான் வைக்கும். லெ வகை, லா வகை என்று வைத்துவிடுங்களேன்.

—

அண்ணா, நல்ல யோசனை, ஒரே ஒரு இடத்தில் இடிக்கும். பள்ளிக்கூடம் 'லேகோல்', பணம் 'லார்ழான்'. உயிரெழுத்து வந்தால் லெயும் லாவும் தேய்ந்து ஒன்றாகிவிடும், எது எந்த வகை என்று காதுக்குத் தெரியாது. 'ஒரு' என்பதற்கு வரும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) அப்படித் தேயாது: யூன் ஏகோல், தோழன் என்றால் அன் அமி, தோழி என்றால் யூன் அமி. 'அன் வகை', 'யூன் வகை' என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லைப் படிக்கும்போதே அன்னோடும் யூனோடும் சேர்த்துப் படிக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்கமாகும். நாளை பலகையில் 'சொற்பால்' என்று தலைப்புப் போட்டு, கீழே இந்த இரண்டு வகையையும் எழுதிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை மறுபடி எழுந்து நிற்கிறதா என்று எழுதுகிறேன்.