மகளின் மேல்தாடை ஒடுக்கம்: திருகோணமலையில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம். நாங்கள் உவர்மலையில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. வாயை மூடினால் ஒரு பக்கத்து மேல் கடவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காருகின்றன; நாடியும் அந்தப் பக்கம் சரிகிறது. இரவில் வாயால்தான் மூச்சு விடுகிறாள்.

பாடசாலைப் பல் கிளினிக்கில் பார்த்தவர், பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டச் சொன்னார். அண்ணத்தின் (மேல்வாயின்) நடுவில் இரு பக்க எலும்புகளும் சேரும் பொருத்து இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காதாம். இப்போதென்றால் எக்ஸ்பாண்டர் என்ற விரிக்கும் கருவியைப் போட்டு மேல்தாடையை அகலமாக்கலாம், வளர்ச்சி முடிந்த பிறகு சத்திரசிகிச்சை வரை போகக்கூடும் என்றார். மாமியோ, பால்பல் எல்லாம் விழட்டும், பிறகு கிளிப் போடலாம் என்கிறார். வெறும் கோணல் பல் என்றால் நானும் விட்டிருப்பேன். இது தாடை விஷயம்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் இதற்குக் கிளினிக் நடக்கிறதா, எந்த நாள்? இல்லாவிட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைதானா? அங்கே போனவர்கள், வைத்தியர் அனுப்பும் கடிதம் கட்டாயமா, எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று சொல்லுங்கள். அடிக்கடி கண்டி பஸ் ஏறுவது கஷ்டம்தான், ஆனாலும் போவோம்.

அப்புறம், மூக்கடைப்புக்கு முதலில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டினீர்களா? எக்ஸ்பாண்டர் போட்ட பிள்ளைகளின் பெற்றோர், முதல் கிழமை சாப்பாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்?