தண்டனைக் குறைப்பும் 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லும்

பதுளையார்: அட்டன்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அரசு நிபந்தனையோடு தண்டனையைக் குறைத்ததால் வெளியே வந்தவர் மீது பொலிஸில் ஒரு முறைப்பாடு பதிவானாலே போதும், பழைய தண்டனை முழுவதையும் அவர் முதலிலிருந்து அனுபவிக்க வேண்டும், இந்தியாவின் புதிய சட்டம் அவ்வளவு கடுமையானது என்கிறார். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தலைமன்னாரில் கப்பலேறிக் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய உறவுகள் எங்களில் பலருக்கு உண்டு. அங்கே நிபந்தனையோடு விடுதலையான ஒரு பிள்ளையின் தாய் இதைப் படித்தால் என்ன பாடுபடுவாள்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 266 ஆம் பிரிவு, நிபந்தனையைத் தெரிந்தே மீறியவர் எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றே சொல்கிறது. 'தெரிந்தே' என்பதை அவர் விழுங்கிவிட்டார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 227 ஆம் பிரிவிலும் அச்சொல் இருந்தது, மாறியது இலக்கம்தான்.

அட்டன்வாசி: ஒரு நாளும் சிறையில் இராதவருக்கு முழுத் தண்டனை என்று அதே பிரிவு சொல்வதைப் பதுளையார் ஏன் மறைக்கிறார்? அவர் தொங்கிக்கொண்டிருக்கும் 'தெரிந்தே' இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473 ஆம் பிரிவில் கிடையாது. நிபந்தனை நிறைவேறவில்லை என்று அரசு கருதினால் குறைப்பை ரத்துச் செய்யலாம். பிடியாணை இல்லாமலே பொலிஸார் கைது செய்யலாம். நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் என்பதற்காக அவர் சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது.

பதுளையார்: முப்பது வருடம் கூண்டருகே நின்று மொழிபெயர்த்தவன் நான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அரசு குறைப்பை ரத்துச் செய்வது வேறு, குற்றமென்று நீதிமன்றம் தண்டிப்பது வேறு. ரத்துச் செய்வதற்கும் எல்லை உண்டு. குஜராத் கைதி ஒருவரின் வழக்கில் 2024 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒரு முறைப்பாடு பதிவானதை மட்டும் வைத்துக் குறைப்பை ரத்துச் செய்ய முடியாது, காரணத்தை எழுத்தில் அறிவித்து விளக்கம் கேட்க வேண்டும் என்றது. இரண்டு வருடம் கண்ணியமாக நடக்க வேண்டும் என்ற நிபந்தனையையே அது தெளிவற்றதென ஏற்கவில்லை. எது மீறல் என்று தெரியாத ஒருவன் அதைத் தெரிந்தே மீறுவது எப்படி?

மஸ்கெலியா மகள்: ஐயா, 'தெரிந்தே' என்பது எனக்குப் புத்தகச் சொல் அல்ல. என் அப்பாவின் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பற்றிய கடிதம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கையெழுத்து வைத்தார்.

அட்டன்வாசி: தங்கையின் வேதனை புரிகிறது. ஆனால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை வேறு, குறைக்கப்பட்ட தண்டனை வேறு. இந்தக் குழப்பம் பதுளையார் விதைத்தது. சென்ற வருடமும் தோட்டக் காணி விவாதத்தில் அவர் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அலைக்கழித்தார். கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு ஜனாதிபதி வழங்கிய மன்னிப்பை 2024 ஜனவரியில் இலங்கையின் அதியுயர் மன்றமான எமது உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தபோது, அவருக்குத் தெரிந்ததா என்று யார் பார்த்தார்கள்?

பதுளையார்: காணி விவாதத்தில் நான் சொன்னதே சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம். துமிந்த சில்வா நிபந்தனை எதையும் மீறியதாக அங்கே பேச்சே இல்லை. மன்னிப்பு வழங்கிய முறையே செல்லாது என்பதுதான் தீர்ப்பு. மீறலைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அதைக் கொண்டுவந்து போடுவது வாசிப்பவர்களைத் திசைதிருப்பும் வேலை. மகள் சொன்னது வேறு வகைத் தண்டனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசிக்க முடியாத மொழியில் நிபந்தனையைக் கொடுத்துவிட்டு, அதைத் தெரிந்தே மீறினான் என்று எப்படிச் சொல்வது?

அட்டன்வாசி: 473 இல் அச்சொல் இல்லை. இன்னும் நூறு முறை கேட்டாலும் இல்லை.

பதுளையார்: 266 இல் இருக்கிறது. தாய்மாரைப் பயமுறுத்துவதற்கு முன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.